நீர்நாய் மீது ஒரு குற்றப்பத்திரிகை

மீன்பிடிச் சங்கம் முழக்கம் என்பவருக்கு இழைத்த அநீதிகள் மொத்தம் நான்கு. அவரே எண் போட்டு எழுதி, சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார். வரிசை மாற்றிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

ஒன்று: தூண்டிலில் மண்புழு கோக்கக் கூடாது, இறகில் கட்டிய பொய் ஈயைத்தான் மாட்ட வேண்டும் என்று விதி போட்டது. மண்புழு உழைத்துத் தோண்டுவது. பொய் ஈ கடையில் வாங்குவது. இதில் யார் பக்கம் சங்கம் நின்றது என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு: ஆற்றங்கரையில் உரக்கப் பேசக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தில் யார் பெயரும் இல்லை. ஆனால் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி ஒருவரைத்தான் பார்த்தார்கள்.

மூன்று: செயற்குழுத் தேர்தலில் அவர் பெயரை வாக்குச்சீட்டின் அடியில் போட்டது. அகர வரிசை என்றார்கள். அந்த வரிசையைத் தீர்மானித்தது யார் என்று கேட்டார். இன்றுவரை பதில் இல்லை.

நான்கு: மேல்மடுவை மூடியது.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதை அவர் தாளில் எழுதவில்லை. எழுதி ஒட்டினால் அதைத் தினமும் படிக்கப் போகிறவளே அந்த ஐந்தாவதுக்குக் காரணம். மேல்மடுக் கரையில் நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவள் அவருடைய மனைவி.

முழக்கம் என்பது பட்டப்பெயர். நாற்பது வருடம் பேருந்துப் பணிமனை வாசலில் தொண்டை கிழியக் கத்தி, மெக்கானிக்குகளுக்கு எட்டு மணி நேர வேலையும் கழிப்பறைக்குக் கதவும் வாங்கிக் கொடுத்தவர். அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தவர்களில் ஒருவனாவது அவரை நன்றியோடு நினைத்திருப்பானா என்றால், மாட்டான். வரலாறு அப்படித்தான் நடந்துகொள்கிறது. அரிச்சுவடிக்கு அடுத்தபடியாக அவர் படித்ததெல்லாம் துண்டறிக்கைகள். எழுதியதும் அவைதான். அவற்றில் மிகைப்படுத்தி எழுதியிருக்கிறார், பொய் எழுதியதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் ஒரு மணி நேரம் விளக்குவார்.

மனைவி முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவள். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு பைனாகுலர் வாங்கினாள். இருவரும் ஒரே பஸ்ஸில் ஆற்றுக்குப் போவார்கள், பாலத்தில் பிரிவார்கள். அவர் இந்தக் கரையில் தூண்டிலோடு நிற்பார். அவள் அந்தக் கரையில் மீன்கொத்தியையும் நீர்க்காகத்தையும் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருப்பாள். இடையில் ஆறு ஓடிக்கொண்டிருக்கும். இல்லறம் இவ்வளவு சுமுகமாக நடக்க ஒரு ஆறு தேவைப்படுகிறது என்பது அவருடைய கருத்து.

மேல்மடு என்பது பாறைகளுக்கு நடுவே ஆறு திரும்பித் தேங்கும் ஆழமான இடம். அதன் அடியில் ஒரு ட்ரௌட் மீன் இருந்தது. வயிறு பருத்தது, மேலெல்லாம் சிவப்புப் புள்ளி. எல்லா இரையும் தானாகத் தன் வாய்க்கு வரும் இடமாகப் பார்த்துப் பாறை நிழலில் அசையாமல் கிடக்கும். முழக்கம் அதற்கு ‘முதலாளி’ என்று பெயர் வைத்திருந்தார். மூன்று வருடமாகப் போராட்டம். இரண்டு முறை முதலாளி தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயிருந்தது. இந்த மீன்பிடிப் பருவம் முடிய இன்னும் மூன்று வாரம். அதற்குப் பிறகு அவருக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை. டாக்டர் படிக்கட்டு ஏறலாம் என்றார். பாறை இறங்குவதைப் பற்றிக் கேட்டபோது சுவரைப் பார்த்தார். ஆக, இந்த மூன்று வாரத்தில் பிடித்தால் உண்டு. மடுவோ பூட்டிக் கிடந்தது.

பொதுக்குழு கூடும் வரைதான் தற்காலிகமாக மூடியிருக்கிறோம் என்றது சங்கம். முழக்கம் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். விசாரணைக் குழு வேண்டும், அதில் உறுப்பினர்களின் பிரதிநிதி இருக்க வேண்டும், அந்தப் பிரதிநிதியாகத் தன்னையே போட வேண்டும் என்று மனு கொடுத்தார். சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். மனுவைப் படித்துவிட்டுச் சரி என்றார். முழக்கம் ஆடிப்போனார். அவருடைய வாழ்நாளில் ஒரு கோரிக்கையும் முதல் கேட்பிலேயே கிடைத்ததில்லை. இரண்டாம் கட்டப் போராட்டத்துக்கு வேறு தயாராக வந்திருந்தார்.

ஏற்பாடு இதுதான். பத்து நாள், காலை வேளையில், தூண்டில் இல்லாமல் மடுக்கரையில் உட்கார வேண்டும். கண்டதை எழுதிப் பொதுக்குழுவில் வைக்க வேண்டும். நீர்நாய் இல்லையென்றால் மறுநாளே மடு திறக்கப்படும். மனைவி இத்தனை நாள் பார்த்ததெல்லாம் அக்கரையிலிருந்து, தூரத்தில், பனிமூட்டத்தில். இன்னொருவர் பார்க்காத வரை அது ஒரு கட்டைத் துண்டாகவும் இருக்கலாம் என்று செயலாளரே சொல்லிவிட்டார்.

மனைவி மறுப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்துக் கழுவிக் கொடுத்தாள்.

முதல் ஆறு நாள் எதுவும் தென்படவில்லை. ‘ஒன்றும் இல்லை’ என்று ஆறு முறை எழுதினார். எழுத எழுதக் கையெழுத்து அழகாகிக்கொண்டே வந்தது. முதலாளி இரண்டு தடவை மேலே வந்து ஈயைக் கவ்விவிட்டுப் போனது. அவரைப் பார்த்துத்தான் வந்தது என்று நினைத்தார்.

ஏழாம் நாள் காலை அவர் வீடு திரும்பியபோது செருப்பைக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்து நின்றார்.

“என்னங்க, இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா?”

“இல்லை.”

“அப்ப ஏன் பல்லைக் கடிக்கிறீங்க?”

“யார் கடிக்கிறா?”

“ஃபிளாஸ்க் மூடியும் நசுங்கியிருக்கு.”

அவர் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. அரை நிமிடம் தாங்கினார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

“ஒரு முழ நீள மீனு. என் கண்ணெதிர்ல. தலைய மட்டும் தின்னுட்டு, மிச்சத்தைப் பாறையில போட்டுட்டுப் போகுது. ஒரு பயம் இல்லை, ஒரு வெட்கம் இல்லை.”

“எது?”

முழக்கத்துக்கு நீர்நாய் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது.

நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவள் சொல்வாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அநியாயமால்ல இருக்கு,” என்றாள்.

முப்பத்தோரு வருடத்தில் அவள் அவர் பக்கம் பேசியது அதுவே முதல் தடவை. வேறொருவராக இருந்திருந்தால் அங்கேயே சுதாரித்திருப்பார். முழக்கத்துக்கோ நெஞ்சு விம்மியது. செத்துப்போனது முதலாளியா என்று அவள் கவலையோடு விசாரித்தாள். இல்லை, அதைவிடச் சின்னது என்றார். இன்றைக்குச் சின்னது, நாளைக்கு எது என்று அவள் கேட்டாள். அந்த எண்ணம் அவருக்கு அதுவரை வரவில்லை. வந்ததும் உட்கார முடியவில்லை.

“எழுத்துல குடுக்கணும்,” என்றார்.

“குடுங்க. நான் டைப் அடிச்சுத் தரேன்.”

அப்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. நீர்நாயைப் பார்த்தேன் என்று எழுதினால் மடுவை மூடிவிட மாட்டார்களா என்று கேட்டார்.

“இருக்குன்னு மட்டும் சொன்னா மூடுவாங்க,” என்றாள் அவள். “குத்தம் பண்ணுதுன்னு சொன்னா?”

மிச்சத்தை முழக்கமே சொல்லி முடித்தார். குற்றம் நிரூபணமானால் வெளியேற்றம். பணிமனையில் எத்தனை மேலாளரை அப்படி ஊர் மாற்ற வைத்திருக்கிறார்! இதுவோ நாலு கால் பிராணி.

மிச்சம் மூன்று நாள் காலையும் அவர் மடுக்கரையில் உளவுத்துறை போல வேலை பார்த்தார். மத்தியானம் வந்து சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். அவர் ‘கொள்ளைக்காரக் கும்பல்’ என்றார். அவள் எத்தனை பேர் என்றாள். தாய் ஒன்று, குட்டி இரண்டு. அவர் ‘ஆற்றின் செல்வத்தைச் சூறையாடும்’ என்றார். அவள் மணி என்ன என்றாள். ஆறு இருபது. எங்கேயிருந்து வந்தது, எங்கே போனது, வளை எந்த மரத்தின் வேரடியில், எச்சம் எந்தப் பாறையில், அதில் மீன் செதிள் இருந்ததா. உரிச்சொற்களில் பாதிக்கு மேல் அவள் வெட்டிவிட்டாள். குற்றப்பத்திரிகையில் நேரமும் இடமும்தான் நிற்கும், கோர்ட்டில் பார்த்திருக்கிறேன் என்றாள். முழக்கம் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். ‘வெட்கமின்றி’ என்ற ஒரு சொல்லை மட்டும் போராடிக் காப்பாற்றினார்.

படகுக் கொட்டகைக்கு மேலே உள்ள அறையில் பொதுக்குழு கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபத்து மூன்று உறுப்பினர்கள். கடைசி வரிசையில் மனைவி. முழக்கம் எழுந்து குற்றப்பத்திரிகையைப் படித்தார். கீழே கட்டியிருந்த படகுகள் ஆடியிருக்கும். பல வருடம் கழித்து அவருக்கு அந்தப் பழைய குரல் அப்படியே திரும்பி வந்தது. படித்து முடித்து, நீர்நாயை உடனடியாக வெளியேற்றி மடுவை உறுப்பினர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கோரினார். கைதட்டல் கிடைத்தது. பின்வரிசையிலிருந்து வந்த கைதட்டல் சற்று நீளமாகவே இருந்தது.

செயலாளர் நோயாளியின் பல்லைத் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“நீங்களே பார்த்தீங்களா?”

“ரெண்டு கண்ணால. பத்தடி தூரத்துல.”

“கட்டைத் துண்டா இருக்க வாய்ப்பில்லையே?”

“கட்டைத் துண்டு மீன் தின்னுமா சார்?”

“குட்டியும் இருந்துச்சா?”

“ரெண்டு. அதுகளுக்கும் திருடக் கத்துக்குடுக்குது. குடும்பமா நடத்துறாங்க.”

“வந்துட்டுப் போறதா, இல்லை அங்கேயே குடியிருக்கா?”

“குடியா? பட்டா வாங்கின மாதிரி உக்காந்திருக்கு.”

செயலாளர் பேனாவை மூடினார். சங்கத்தின் முப்பது வருடப் பதிவேட்டில் இவ்வளவு துல்லியமான சாட்சியம் வந்ததில்லை என்றார். நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, எச்சம்கூட இருக்கிறது. இதுவரை இருந்த சந்தேகம் தீர்ந்தது என்றார். நீர்நாயை வெளியேற்றச் சங்கத்துக்கு அதிகாரமில்லை, எந்தச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை. மனிதர்களை வெளியேற்ற மட்டும் அதிகாரம் உண்டு. ஆகவே குட்டிகள் வளர்ந்து தாயைப் பிரியும் வரை, அதாவது இந்தப் பருவத்தின் மிச்சமும் அடுத்த பருவம் முழுவதும், மேல்மடுவில் தூண்டில் போடத் தடை. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

முழக்கம் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு கைகள். அவற்றுக்குப் பின்னால், ஓட்டுரிமை இல்லாத அவருடைய மனைவி பைனாகுலரின் கண்ணாடியை முந்தானையால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்சேபணை என்றார். எதற்கு என்று கேட்டார்கள். அறிக்கை உண்மையில்லையா என்று கேட்டார்கள். பொய் எழுதாத மனிதரால் அதற்கு என்ன சொல்ல முடியும்? எழுத்துக்கு எழுத்து உண்மை என்றார். அதைச் சொல்லும்போது, நாற்பது வருடத்தில் முதல் முறையாக, அவருடைய குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. அதைப் பதிவேட்டில் ஏற்றும்போது உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து நின்று சாட்சியாகக் கேட்பது சங்கத்தின் வழக்கம். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. முழக்கமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

செயலாளர் பதிவேட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மேல்மடு மூடப்படுகிறது என்று படித்தார். தேதியைப் படித்தார். காலக்கெடுவைப் படித்தார். பிறகு, “நீர்நாய்க் குடும்பத்தின் இருப்பை நேரில் கண்டு, எழுத்து மூலம் நிரூபித்து, மடுவை மூடக் காரணமாக இருந்தவர்,” என்று வாசித்து, அறை முழுவதும் கேட்கும்படி பெயரைச் சொன்னார்:

“முழக்கம்.”