செர்வா யாரிடமும் சொல்லமாட்டாள்

குமாசி
ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்த பின்

மதிப்புக்குரிய மச்சான் டொன்கோர் அவர்களுக்கு யாவ் அசாரே வணக்கத்துடன் எழுதுவது.

முழங்கால் நீங்கலாக நான் நலம். உங்கள் தங்கை என்னைச் சமாளிக்கும் அளவுக்கு நலம். தக்கோராடியில் எல்லோரும் சுகம்தானே? முழங்காலுக்காக நீங்கள் பேருந்தில் கொடுத்தனுப்பிய பொட்டலம் பத்திரமாக வந்தது, நன்றி.

நேற்று செர்வாவைப் பெண் கேட்டு வந்தார்கள். தாய்மாமன் இல்லாமல், பெண் கேட்டுக் கதவைத் தட்டும் சடங்கை நடக்க விட்டது என் பிழைதான். நடந்ததைக் கேட்டால், இல்லாமல் போனதே நல்லது என்பீர்கள்.

உங்கள் மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் டாக்டர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது என் வழக்கம். ஊசி போடாத டாக்டர். காய்ச்சல் எங்கிருந்து எங்கே பரவுகிறது என்று பார்ப்பார்கள் இல்லையா, அப்படி இவள் போதை மாத்திரை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, ஏன் போடுகிறார்கள், ஊரில் எத்தனை பேர் என்று பார்க்கிறாள். வீடு வீடாகக் கேட்டால் எவனும் ஒத்துக்கொள்ளமாட்டான் என்று, வந்து பதில் சொன்னவனிடம் மூன்று சீட்டு கொடுத்தனுப்புகிறாள்; அவன் தன்னைப்போல மாத்திரை போடும் மூன்று பேரிடம் அதைக் கொடுக்க, அவர்கள் வந்து ஆளுக்கு மூன்று வாங்கிப் போகிறார்கள். பேர் கேட்பதில்லை. வந்தவனுக்குச் சோப்பும் ஃபோன் ரீசார்ஜும் உண்டு. "போதைக்காரனைப் பெருக்க இதைவிட நல்ல வழி உண்டா?" என்றேன். "பெருக்கலப்பா, இருக்கறவங்களத்தான் தேடறோம்" என்றாள். அவள் அலுவலகக் கூரை மழையில் இறங்கியதும் அந்தத் தேடல் நம் கார் கொட்டகைக்கு வந்துவிட்டது. கொத்தனாரும் ட்ரோட்ரோ வண்டி ஓட்டுநரும் என் வாசல் பெஞ்சில். "எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சுக் கேட்டுத் தொலையேன்" என்றால், "நாலு பேர் முன்னால கேட்டா யாருப்பா உண்மை சொல்லுவா?" என்கிறாள்.

சனிக்கிழமை வரவேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். சொன்னால் கேட்கிற கூட்டமா? மாப்பிள்ளை எஃப்ரெமின் ஆட்கள் பெண் கேட்க வைக்கும் ஜின் பாட்டில்களோடு வந்து இறங்கியபோது, பெஞ்சில் ஒரு கொத்தனார் உட்கார்ந்திருந்தார். இவர்களும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "சீட்டு கொண்டாந்தீங்களா?" என்று கொத்தனார் கேட்டிருக்கிறார். "சீட்டு எதுக்கு? நாங்க பொண்ணு கேட்டு வந்திருக்கோம்" என்று மாப்பிள்ளையின் அத்தை நிமிர்ந்தாள். "அப்ப ரீசார்ஜ் கிடைக்காதும்மா" என்றார் அவர், பரிதாபமாக.

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். அவர்கள் தரப்பில் பேசுகிறவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒபிரி, லாரிக்காரர். பாட்டில்களை மேசையில் வைத்ததும் எடுத்த எடுப்பில், "பொண்ணு தங்கம். ஆனா மாத்திரைக்காரங்களோட பழகற வேலை நம்ம குடும்பத்துக்கு ஆகாது, விட்டுடச் சொல்லுங்க" என்றார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கொத்தனார் ஜன்னலில் தலையை நீட்டி, "பெரியவரே! போன வாரம் இதே பெஞ்சுல எம்பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, இடுப்பு வலி தேவலையா?" என்றார்.

ஒபிரி வியர்த்துப்போனார். அத்தை செர்வாவைப் பார்த்து, "இவரு உங்கிட்ட வந்தாரா?" என்றாள்.

"யாரு வந்தாங்க, வரலேன்னு நான் சொல்றதில்லீங்க. எங்கப்பாவே வந்திருந்தாலும் சொல்லமாட்டேன்."

"வரலேன்னு ஒரு வார்த்தை சொல்லேம்மா!" என்று நான் கெஞ்சினேன்.

"ஒருத்தருக்கு வரலேன்னு சொன்னா, நான் சொல்லாதவங்க எல்லாம் வந்தவங்கன்னு ஆயிடும்பா."

அத்தை பாட்டில்களைத் திரும்பப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். எஃப்ரெம் மேல் செர்வாவுக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். கண் நிறைந்துவிட்டது; வாயை மட்டும் திறக்கவில்லை. கடைசியில் ஒபிரியே எழுந்து, "பாட்டில வை கீழ. இப்படி வாயடக்கம் உள்ள பொண்ணு வேற எங்க கிடைக்கும்? வேலைய விடவே வேணாம்" என்றார்.

வழக்கப்படி, பாட்டில்களை வாங்கிக்கொள்ளலாமா என்று மகளை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சரி என்றாள். நாலு பேர் முன்னால் சொன்னது, அவள் கணக்கில் எவ்வளவு செல்லுமோ தெரியாது.

ஆகவே மச்சான், நிச்சயத்துக்கு வரும்போது தாய்மாமன் என்ற முறையில் கண்டித்து அந்த வேலையை விடச் செய்யுங்கள். நம் இரண்டு குடும்பத்திலும் அந்த மாத்திரையின் வாடையே கிடையாது. நமக்கெதற்கு அந்தச் சகவாசம்?

உங்கள் வீட்டில் நிம்மதியும் உங்கள் படகில் மீனும் குறையாதிருக்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
யாவ் அசாரே

பி.கு.: இதுவரை எழுதியதை உங்கள் தங்கை படித்துவிட்டு உறை எடுக்கப் போயிருக்கிறாள். செர்வாவிடம் வேலையை விடச் சொல்லாதீர்கள். நீங்கள் அனுப்புவதும் அதே மாத்திரைதான்; அது இல்லாமல் இப்போதெல்லாம், முழங்கால் வலிக்காத நாளிலும், என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கேள்வி கேட்டது அவளோடு வேலை செய்யும் பெண். செர்வா எதிர்மேசையில் இருந்தும் தலை நிமிரவில்லை. அன்று இரவு மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள். இன்றுவரை தன் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஒபிரிக்குச் சீட்டு கொடுத்தவன் நான்தான். பெண் கேட்க வரும் நாளைப் பேச முன்பு நான் அவர் வீட்டுக்குப் போனபோது இருவரும் ஒரே மாத்திரையைப் பையிலிருந்து எடுத்தோம். மாத்திரையைக் குறைக்க வழி சொல்லும் ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்து போகப்போகிறோம். இனி பொட்டலம் வேண்டாம். வருகிற ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை மாத்திரை குறைகிறதே, அது யாருக்கு என்று நான் இதுவரை உங்களிடம் கேட்டதில்லை. உறைக்குள் உங்களுக்கு ஒரு சீட்டு வைக்கிறேன். சோப்பு நல்ல சோப்பு.