ஷெஃபீல்டு பஸ்ஸில் 'லவ்'வுக்குத் தடை

மதிப்பிற்குரிய ட்ரெவர் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் கெய்லி எழுதுவது. இங்கே அம்மா, நான், பூனை மூவரும் நலம். மழையும் நலமாகப் பெய்துகொண்டிருக்கிறது. லீட்ஸ் தலைமை அலுவலகத்தில் நீங்களும் உங்கள் புதிய டையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நாளைக் காலை டிப்போவில் எனக்கு விசாரணை. ஹில்லியர் என்கிற பயணியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் போகும் என்று சொல்லிவிட்டார்கள். கேட்கப் போவதில்லை. ஓட்டுநர்கள் பயணிகளை 'லவ்' என்று அழைக்கக் கூடாது, 'சார்', 'மேடம்' என்றுதான் அழைக்க வேண்டும் என்கிற உத்தரவில் கையெழுத்துப் போட்டது நீங்கள் என்பதால், அதை முதலில் உங்களுக்கே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

அந்த ஹில்லியர் தெற்கிலிருந்து புதிதாக வந்தவர், நம் ஊர்ப் பேச்சு பழகாதவர், ஆற்றங்கரையில் எழுப்பியிருக்கும் கண்ணாடி அடுக்குமாடியில் இருக்கிறார். அன்று அவருடைய பயண அட்டை வேலை செய்யவில்லை, பின்னால் மழையில் வரிசை நிற்கிறது, "பரவால்ல லவ், உள்ள போய் உக்காரு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொண்டேன். சும்மா வந்தவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஒரு பெண் ஓட்டுநர் தன்னிடம் அளவுக்கு மீறி உரிமை எடுத்துக்கொண்டதாகப் புகார் எழுதியிருக்கிறார். மாமா, அவரைப் பார்த்து என் இதயம் துடிக்கவில்லை. பஸ் தாமதமாகிறதே என்றுதான் துடித்தது.

நீங்கள் இதே வழித்தடத்தில் இருபது வருடம் ஓட்டியவர். கசாப்புக் கடைக்காரர் தாடிவைத்த லாரிக்காரனை 'லவ்' என்பார், அவனும் திருப்பிச் சொல்லிவிட்டு எலும்பை வாங்கிப் போவான். இந்த ஊரில் அந்த ஒரு வார்த்தைக்கு வணக்கம், நன்றி, மன்னிச்சுக்கோ, கொஞ்சம் நகரு, கதவை மறைக்காதே, உன் பிள்ளையை அடக்கு, உன் புருஷன் செத்ததைக் கேள்விப்பட்டேன், எல்லாமே அர்த்தம்தான். காதல் மட்டும்தான் கிடையாது. காதலித்தவனை நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவனைக் கூப்பிட்ட வார்த்தைகளை உங்களுக்கு எழுத முடியாது.

நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். திங்கட்கிழமை முழுவதும் உங்கள் உத்தரவுப்படி ஓட்டினேன். முதல் நிறுத்தத்தில் ஹெட்லி தாத்தா சந்தைப் பையோடு ஏறினார். "காலை வணக்கம் சார்" என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"யாரும்மா செத்தது?"

"யாரும் சாகல சார்."

"அப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?"

அடுத்ததாக ஷரன், மூன்று பிள்ளைகளோடு. "ஏறுங்க மேடம்" என்றேன். ஏற வைத்த காலைக் கீழே இறக்கிவிட்டாள். ஏனென்றால் எங்க ஏரியாவுல 'மேடம்'னு கூப்புடறவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் வாடகை பாக்கிக்கு வீட்டைக் காலி பண்ண வர்றவன், இன்னொருத்தி உதவித்தொகையை நிறுத்திட்டோம்னு போன் பண்றவ. ஷரன் பிள்ளைகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, "பஸ்ல செக்கிங்கா?" என்று கிசுகிசுத்தாள். அந்த ஒரு வார்த்தை பின் சீட்டு வரைக்கும் ஓடுச்சு. ரெண்டு பசங்க நடுக்கதவைத் தள்ளிக்கிட்டு இறங்கி ஓடினாங்க, முறையா டிக்கெட் வாங்கினவங்களும் பயந்துபோய்க் கூடவே இறங்கினாங்க, ஹெட்லி தாத்தா மட்டும் தொப்பியை நெஞ்சில் வைத்தபடி டிக்கெட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தை போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸில் அவரும் நானும்தான். மரியாதையாக ஓட்டியதற்கு இதுதான் பலன்.

மாமா, இந்த மக்களுக்கு மரியாதை என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். அது வீட்டு வாசலில் வந்து நின்று கதவைத் தட்டும். அதைக் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் வாயைப் பொத்துகிறார்கள். நீங்கள் வழித்தடங்களைக் குறைத்தீர்கள், நடுங்கும் குளிரில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தீர்கள், கட்டணத்தை ஏற்றினீர்கள். கடைசியில் ஓசியில் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு வார்த்தையையும் பிடுங்கிவிட்டு, அதற்கு வாடிக்கையாளர் கண்ணியம் என்று பெயர் வைக்கிறீர்கள். அம்மா உங்கள் உத்தரவைப் படித்துவிட்டு, "என் தம்பிக்கு டையை இறுக்கிக் கட்டிட்டாங்க, மூளைக்கு ரத்தம் போகல" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை.

ஆகவே மன்னிப்பு கிடையாது. என் வாயிலிருந்து 'லவ்' போகாது. அந்த வார்த்தையை யாரும் யாரிடமும் சொல்லலாம், அதில் மேல் கீழ் இல்லை, அதில் புண்பட எதுவுமே இல்லை என்று நாளை விசாரணையில் மேசையைத் தட்டிச் சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

மாமிக்கு என் அன்பு. உங்கள் முட்டிவலி குறையட்டும், டை தளரட்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை ஓட்டுநரான
கெய்லி

பின்குறிப்பு: மழையில் தபால்பெட்டிவரை நடக்கச் சோம்பலாக இருந்ததால், இந்தக் கடிதம் பையிலேயே விசாரணைக்கும் வந்துவிட்டது. நான் மேலே சொன்னதையெல்லாம் மேசையைத் தட்டிச் சொன்னேன். பாதியில் உங்கள் தலைமை அலுவலக மேலாளர் நாற்காலியில் சாய்ந்து, புன்னகைத்து, "கொஞ்சம் அமைதியா இரு, லவ்" என்றார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. எழுந்து நின்று, "என்னை லவ்னு கூப்பிடாதீங்க! மேடம்னு சொல்லுங்க!" என்று டிப்போ அதிர்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். வெளியே இருந்த மெக்கானிக்குகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். மேலாளர், "மன்னிக்கணும், மேடம்" என்றார். தடை செய்த வார்த்தையை அவரே சொல்லிவிட்டதால் என்னை மட்டும் வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. அவரும் நானும் வரும் திங்கட்கிழமை கண்ணியப் பயிற்சிக்கு ஒன்றாக வர வேண்டுமாம். வகுப்பு எடுப்பது நீங்கள்தானாமே. முன் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவை, லவ்.