கண்டி வகுப்புக்குப் போய்வந்த ரிஜிஸ்தர் ஐயா

இன்று பதுளையில் ஐம்பதைத் தாண்டியிருக்கும் ஆண்களில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் வைத்தவர் எங்கள் ரிஜிஸ்தர் ஐயாதான். தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டால், "பெரிய மழை பெஞ்ச வருஷமுங்க, ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு" என்பார்கள். ஐயா காலண்டரைப் பார்ப்பார், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், ஒரு தேதியை எழுதிவிடுவார். சிரித்த முகத்துக்கு ஜனவரி. மூக்கு ஒழுகினால் நவம்பர். அவர் எழுதிய தேதியை வைத்துத்தான் பலர் உத்தியோகம் பார்த்தார்கள், பலர் ஓய்வும் பெற்றார்கள்.

பதுளையில் இருந்த ஒரு மிஷன் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் ஆபீஸ். அதில் மாணவர்களைச் சேர்க்கும் வேலை அவருடையது. பெரிய சேர்க்கை ரிஜிஸ்தர் எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். அதனால் வந்த பெயர். பக்கத்து மேசையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்த நானே அவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

அவர் வீட்டாருக்குப் பஜாரில் துணிக்கடை. அண்ணன் தம்பி எல்லாரும் வியாபாரத்தில் புலிகள். இவரையும் கடையில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சேலையை விரித்துக் காட்டிவிட்டு, "ரெண்டு தடவ தொவச்சா சாயம் போயிருங்க" என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அண்ணன் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து எங்கள் பிரின்சிபலிடம் ஒப்படைத்துவிட்டார்.

சாயம் போகும் என்று சொல்கிறவரைச் சேர்க்கை வேலையில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. "எங்க ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் கொஞ்சம் அடிப்பாருங்க" என்று பெற்றோரிடம் அவரே எடுத்துச் சொல்வார். இதற்கிடையில் பண்டாரவளைப் பக்கம் ஒரு புதுப் பள்ளிக்கூடம் எழும்பியது. கடைக்காரர் பிள்ளைகள் சிலர் அங்கே போனார்கள். வருகிற வருஷமும் இப்படியே போனால் மேல் வகுப்பை மூடிவிடுவார்கள், ஆபீசில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பிரின்சிபல் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பாதியில் நானும் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கண்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சேர்க்கிற வேலையில் இருப்பவர்களுக்கு ஐந்து நாள் வகுப்பு. நடத்துகிறவர் சீமையிலிருந்து புதிதாக வந்த ஒரு பாதிரியார். இப்படியும் ஒரு படிப்பு உண்டா என்று நாங்கள் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. புதுக் கோட்டு தைத்துக்கொண்டு, வண்டியில் பண்டாரவளை போய், அங்கிருந்து ரயில் ஏறினார்.

திரும்பி வந்தபோது அவரிடம் மூன்று பாடங்கள் இருந்தன. ஒன்று, பெற்றோரை நிற்கவைத்துப் பேசக்கூடாது. அவர்கள் நாற்காலியில் உட்கார வேண்டும், நாம் அவர்களைவிட உயரமாக உட்காரக்கூடாது. இரண்டு, அவர்கள் சொல்லும் மறுப்பை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எதிரே அதற்குப் பதிலையும் எழுதி வைக்க வேண்டும். மூன்று, சேர்த்ததோடு வேலை முடிவதில்லை, சேர்ந்த பிள்ளை நிலைத்து நிற்கிறானா என்று பார்க்க வேண்டும்.

பாதிரியார் இதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லியிருப்பார். ஐயா அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் பாடத்தை அன்றைக்கே தொடங்கினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் புதுப் பையன்களிடம் ஒவ்வொருவராகப் போய், "விட்டுட்டுப் போயிருவியா?" என்று கேட்டார். தினமும் கேட்டார். போகும் எண்ணமே இல்லாதிருந்த இரண்டு பேர், இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டு ஓடிவிட்டார்கள்.

அடுத்து ஒத்திகை. பெற்றோரிடம் பேசிப் பழக வேண்டும் என்று பியோன் முனியாண்டியை நாற்காலியில் உட்காரவைத்தார். முனியாண்டி தன் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தயங்கும் தகப்பன். ஐயா எதிரே நின்றுகொண்டு பேசிச் சம்மதிக்கவைக்க வேண்டும். முனியாண்டிக்கு மூன்றும் பெண், மகனே கிடையாது. ஆனாலும் மனிதர் அந்த மகனை விட்டுக்கொடுக்கவே இல்லை. முதல் நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டாம் நாள், பையனுக்குச் சப்பாத்து காலைக் கடிக்கும் என்றார். மூன்றாம் நாள், பெண்டாட்டியைக் கேட்க வேண்டும், அவள் கோபித்துக்கொண்டு பசறைக்குப் போயிருக்கிறாள் என்றார். ஐயா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, கைகூப்பாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது பிரின்சிபல் உள்ளே வந்தார். பியோன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆபீசின் பெரிய உத்தியோகஸ்தர் அவர்முன் குனிந்து நிற்கிறார். பிரின்சிபல் இருவரையும் பார்த்தார். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டார். முனியாண்டியின் மகன் கடைசிவரை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை.

பிறகு ஐயா தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிஷன் விடுதியில் இடம் இருந்தது, வருகிறவர்தான் இல்லை. ஒரு மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு நடந்தே ஏறினார். லயத்துக்குள் நுழைய, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் அனுமதி வேண்டும். துரையின் ஆபீசுக்குப் போனவர், துரை எழுந்து கைகொடுத்ததும், "முதல்ல உக்காருங்க" என்று துரையின் நாற்காலியையே துரைக்குக் காட்டினாராம். அந்தத் துரைக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. அனுமதி கிடைத்தது.

லயத்தில்தான் சிக்கல். கோட்டுப் போட்ட ஐயா நிற்க, தாங்கள் நாற்காலியில் உட்காருவதா? யாரும் அதற்கு இசையவில்லை. உட்காருங்கள், மாட்டேன் என்பதிலேயே பொழுது போய்விடும். பள்ளிக்கூடப் பேச்சு தொடங்குவதற்குள் மழை வந்துவிடும். ஒரு கிழவர் மட்டும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். இப்படி ஒரு வருஷம் போனதில் தோட்டங்களிலிருந்து சேர்ந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஆனால் அவர் நாற்காலி தூக்கித் திரியும் செய்தி கண்டிவரை போயிருந்தது. அடுத்த வருஷ வகுப்பைப் பாதிரியார் பதுளையிலேயே வைத்தார். வேறு பள்ளிக்கூடங்களிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள், எல்லாரும் மெருகு போட்ட சப்பாத்துடன். கடைசி நாள் ஸ்பிரிங்வெளிக்குப் போய் நேரில் பேசிப் பழகுவது என்று ஏற்பாடு. நோட்டுத் தூக்க என்னையும் கூட்டிப்போனார்கள்.

முதல்நாள் பெய்த மழையில் அட்டை நிறைய. ஐந்து பேரும் நடந்ததைவிடக் குதித்ததே அதிகம். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ராமாயி என்று ஒரு பெண். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பத்து வயது மதிக்கத்தக்க ஒரே மகன், பழனி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறான் என்று கங்காணி சொல்லியிருந்தார். ஐயா நாற்காலியை விரித்தார். எல்லாருக்கும் ஆச்சரியமாக, ராமாயி சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்க மலையில் நின்ற கால்.

ஐந்து பேரும் முறைபோட்டுப் பேசினார்கள். படிப்பு, உத்தியோகம், கச்சேரி என்ற அரசாங்க ஆபீஸ், கௌரவம். ராமாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அனுப்பிவிடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்போது அவள் கேட்டாள்:

"ஒன்னு கேக்கணுங்க. படிச்சுப் பெரிய ஆளாயிட்டா, எம் மவன் எங்கூட பேசுவானா?"

பேசாமல் எங்கே போவான் என்றார் ஒருவர். எங்கள் பள்ளிக்கூடத்தில் தாய் தகப்பனை மதிக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்றார் இன்னொருவர். வாரம் ஒரு கடிதம் போடுவான் என்றார் மூன்றாமவர். தனக்கு வாசிக்கத் தெரியாது என்றாள் அவள். பிறகு ரிஜிஸ்தர் ஐயாவைப் பார்த்தாள்.

ஐயா என்னிடமிருந்து நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். மழை, சப்பாத்து, தாய்மாமன், சாமி குத்தம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நோட்டை மூடினார்.

"தெரியாதுங்கம்மா. சில பேரு பேசுறாங்க. சில பேரு பேசுறதில்ல. ரெண்டையும் நான் பாத்திருக்கேன்."

ராமாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். சரிங்க என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இறங்கி வரும்போது ஐந்து பேரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கைக்கு வந்த பிள்ளையைக் கைநழுவ விட்டுவிட்டார் என்றார்கள். பாதிரியாரும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். ஐயா நோட்டைத் திறந்து காட்டினார். ராமாயியின் கேள்வியை எழுதி, எதிரே இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். பாதிரியார் நோட்டை மூடி அவரிடமே கொடுத்தார். என் வேலை போய்விட்டது என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்தபோது வாசலில் ராமாயி நின்றிருந்தாள். வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டு, விடியுமுன் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். பையன் தலையில் எண்ணெய் வழிந்தது.

"அன்னைக்கி எல்லாரும் பேசுவான் பேசுவான்னாங்க. நீங்க மட்டுந்தான் தெரியாதுன்னீங்க. உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்," என்றாள்.

ஐயாவின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம், பயம்தான் தெரிந்தது. ரிஜிஸ்தரைத் திறக்காமலே சொன்னார்: "சனிக்கெழம தவறாம புள்ள வீட்டுக்கு வரும். நானே கூட்டிட்டு வர்றேன். வந்து பேசலைன்னா எங்கிட்ட சொல்லுங்க."

சொன்னபடி செய்தார். சனிக்கிழமைதோறும் குடையும் கையுமாக மலை ஏறினார். வழியெல்லாம் பழனிக்குப் பாடம் நடக்கும். அந்த வாரம் நடந்ததில் அம்மாவிடம் சொல்ல மூன்று விஷயம் தயாராக இருக்க வேண்டும். சொல்லி முடிக்காமல் கஞ்சியில் கை வைக்கக்கூடாது. பையன் வீட்டுக்குள் போன பிறகும் ஐயா வெளியே நின்று, உள்ளே பேச்சுக் கேட்கிறதா என்று காது கொடுப்பார். இதைப் பார்த்த மற்ற லயத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைகளையும் அனுப்பினார்கள். மறுவருஷம் சனிக்கிழமை மத்தியானம் அவர் பின்னால் ஒரு சின்ன ஊர்வலமே போனது. ஒவ்வொருவனும் தன் மூன்று விஷயத்தை முணுமுணுத்துக்கொண்டு நடப்பான். மேல் வகுப்பை மூடவில்லை. என் வேலையும் தப்பியது.

பழனி படித்துக் கச்சேரியில் கிளார்க்காக வந்தான். அம்மாவோடு பேசினானா என்றால், பேசினான். பசறைக் கடைத்தெருவில் ஒருநாள் இருவரையும் பார்த்தேன். "கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு வாடா" என்று ராமாயி சொன்னதை என் காதால் கேட்டேன்.

பதுளைக்கு ரயில் வந்த புதிதில் ஐயா ஓய்வு பெற்றார். திருச்சியில் இருந்த தங்கை வீட்டோடு போய்விடுவதென்று முடிவு. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். ஒன்பது வருஷம் பக்கத்தில் இருந்தவர், ஏதாவது சொல்வார் என்று ஜன்னலோரம் நின்றேன்.

"அடுத்த மாசம் கண்டியில வகுப்பு இருக்கு," என்றார். "நீ போ. முன்வரிசையில உக்காரு."

சரிங்கய்யா என்றேன். ரயில் நகர்ந்தது. அது வளைவில் மறைந்து, சத்தமும் அடங்கிய பிறகுதான் திரும்பினேன். அன்று ஆபீசுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று பிரின்சிபல் கேட்டார். ரயில் கரி விழுந்துவிட்டது என்றேன். இரண்டு கண்ணிலுமா என்று அவர் கேட்கவில்லை.