பெரியண்ணன் டம்ளர்

டம்ளர் ஆறுதான் இருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்தவர்களும் ஆறு பேர்தான். அதுவரை சரி. ஆனால் அவர்கள் ஏறி இறங்கப்போவது நான்கு வீடு.

"குடிச்சு முடிச்சதும் கொல்லைப்பக்கமாவே கழுவி அடுத்த வீட்டுக்கு அனுப்பிரணும். வெளங்குதா?" என்றாள் அன்புச்செல்வி.

புதுக்கோட்டையில் குளக்கரைத் தெருவை வெளியூர்க்காரர்களுக்கு நடந்தே சுற்றிக் காட்டுவது அவள் வேலை. 'குடிசைப் பகுதி வாக்கிங் டூர்' என்று யாரோ பெயர் வேறு வைத்திருந்தார்கள். போன மாதம் வந்த ஓர் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாவம்! எப்படித்தான் இருக்காங்களோ!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தெருவே கொதித்துப்போனது. கொதிக்காதா பின்னே? மூட்டை தூக்கியும் பூக்கட்டியும் இரண்டு பெண்களை நர்சுக்கும் ஒரு பையனைப் போலீசுக்கும் அனுப்பிய தெரு அது. யாரிடம் வந்து பாவம் பார்க்கிறார்கள்?

"இன்னொரு தடவ அந்த வார்த்த வந்துச்சு, டூரு கீருன்னு ஒருத்தரும் இங்கிட்டு வரக்கூடாது, ஆமா!" என்று மீன்காரி மூக்காயி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல், அந்த வார்த்தையைக் கையும் களவுமாகப் பிடிக்க இன்று கூட்டத்தின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

வேலை போனாலும் போகட்டும், தெருவின் மானம் போகக்கூடாது என்று அன்புச்செல்வி நினைத்தாள். பிளாஸ்டிக் கப் கூடாது, பளபளவென்று எவர்சில்வரில்தான் கொடுக்கவேண்டும். ஒரே மாதிரி ஆறு டம்ளர் இருந்தது மூட்டை தூக்கும் பெரியண்ணன் வீட்டில் மட்டும்தான். அவர் இலுப்பூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவார்.

முதல் வீட்டில் காபி. இரண்டாம் வீட்டில் மோர். டம்ளர் இன்னும் சுட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் வீட்டில் பானகம். கூட்டத்தை அழைத்து வந்த அருணா மேடம் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லா வீட்டு டம்ளர்லயும் 'ரெ.பெரியண்ணன்'னு பேர் வெட்டியிருக்கே. யார் இவர்?"

டம்ளரில் பெயர் இருப்பது அப்போதுதான் அன்புச்செல்விக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னாளா? இல்லை.

"அவருங்களா? இந்தத் தெருவையே உண்டாக்குனவருங்க. அவரு பேரு இல்லாம ஒரு வீட்லயும் தண்ணி குடிக்க மாட்டோம்."

"அடேயப்பா! அவரைப் பார்க்கணுமே!"

"அவரு… தவறிட்டாருங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அருணா மேடம் எழுந்து வாசலுக்கு வந்து, ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்று அறிவித்துவிட்டார். ஆறு பேரும் தலைகுனிந்து நின்றார்கள். வேறு வழியில்லாமல் தெருவும் நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தானா சந்தை சீக்கிரம் கலையவேண்டும்? பெரியண்ணன் வந்து சேர்ந்தார். ஏதோ துக்கம் என்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அன்புச்செல்வியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரும்மா போய்ட்டா?" என்றார் மெல்ல.

"நீங்கதாண்ணே. செத்த நேரம் பேசாம நில்லுங்க."

"நானா?"

அவர் போட்ட சத்தத்தில் அஞ்சலி கலைந்தது. அருணா மேடம் கையில் இருந்ததை அவர் உற்றுப் பார்த்தார்.

"அட, இது நம்ம டம்ளருல்ல!"

அன்புச்செல்விக்கு முகமெல்லாம் எரிந்தது. "ஆமாங்க மேடம். ஒரே செட்டுதான். அதத்தான் வீடு வீடாச் சுத்தவிட்டோம். எங்களக் கொறச்சலா நெனச்சிரக் கூடாதுன்னு…"

மூக்காயி காதைத் தீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். இதோ, வரப்போகிறது அந்த வார்த்தை.

அருணா மேடம் பெரியண்ணனைப் பார்த்தார். "உங்களைக் கேக்காமலா எடுத்தாங்க?"

"எதுக்குங்க கேக்கணும்? கதவு தெறந்துதான கெடக்கு. இவ வீட்டுக் குக்கரு மூணு மாசமா எங்க வீட்லதான் இருக்கு." பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் செத்ததத்தான் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அருணா மேடத்தின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"எங்க அப்பார்ட்மெண்ட்ல பதினோரு வருஷமா இருக்கேன். எதிர் வீட்டுக்காரங்க பேர்கூட எனக்குத் தெரியாது" என்றார்.

மூக்காயி கன்னத்தில் கை வைத்தாள்.

"பாவம்! எப்படித்தான் இருக்காங்களோ!"