நாற்பது வருஷத்து மூலம்

சட்டத்துக்கு உட்பட்டுத்தான் நடப்பது என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால், எத்தனை நாள் விடுப்பு மிச்சமிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. லிப்ட் மெக்கானிக் அதைப் பார்க்காமலேயே முடிவெடுத்துவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், அவசரக்காரர்.

வார நாட்களில் அவர் நின்றுபோன லிப்டுகளை ஓட வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றுபோன கம்ப்யூட்டர்களை ஓட வைப்பார். பீரோ உயரத்துக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் அவர் வீட்டில் பீரோ இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. துணிமணிகள் மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. இதே கிறுக்குப் பிடித்தவர்கள் அந்த ஊரில் மொத்தம் பதினோரு பேர். அவர்கள் ஒரு குழுவாக இருந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு ஓர் இயங்குதளம் உண்டு. அதை எழுதியவர்கள் எழுதியபடியே இருக்கும் மூல நிரல் கையில் இருந்தால்தான் அதைப் படித்துப் புரிந்துகொள்ளவோ, பழுது பார்க்கவோ முடியும். தயாரித்த கம்பெனி என்றைக்கோ மண்ணைக் கவ்விவிட்டது. ஆனாலும் மூல நிரலைப் பிரதி எடுப்பது குற்றம். ஆகவே பதினோரு பேரும் அதைத் திருட்டுத்தனமாகத்தான் வைத்திருந்தார்கள். வைத்திருப்பதாக ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. வைத்திராதவரை மற்றவர்கள் மதித்ததும் இல்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். மெக்கானிக்கின் அக்கா குறுக்கே வந்தாள்.

அக்கா அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவள். இயங்குதளத்தில் பட்டியல்களைக் கையாளும் பகுதி முழுக்க அவள் எழுதியது. வேலையை விட்ட மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் இடத்தில் ஒரே ஒரு சமக்குறியை விட்டுவிட்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் குறி இல்லாவிட்டால், சரியாக அறுபத்து நாலு பேர் உள்ள பட்டியலில் அறுபத்து நாலாவது ஆள் காணாமல் போய்விடுவார். திரும்பிப் போய்த் திருத்தலாம் என்றால், விலகும்போது 'மூல நிரலை இனி அனுமதியின்றிப் பார்க்க மாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்து நாற்பது வருஷமாக, முகம் தெரியாத அந்த அறுபத்து நாலாவது ஆளை நினைத்து அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"என்கிட்ட ஒரு பிரதி இருக்குக்கா. வந்து திருத்திட்டுப் போயேன்" என்றார் மெக்கானிக்.

"நான் எழுதினதை நானே திருட்டுத்தனமாப் பாக்கணுமாடா? முறைப்படி வாங்கிட்டு வா. கண்ணு நல்லாத் தெரியறப்பவே வாங்கிட்டு வா."

கம்பெனியின் சொத்துக்கள் கடைசியில் 'பழம்பொருள் மற்றும் தட்டுமுட்டுச் சாமான்கள் வாரியம்' என்ற அலுவலகத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. மெக்கானிக் விண்ணப்பத்தோடு போனார். வாசலை ஒட்டிய மேசையில் ஓர் எழுத்தர் ரப்பர் முத்திரை ஒன்றை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"மூலம் விஷயமா."

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கா?"

"எங்க அக்காவுக்கு."

"எத்தனை நாளா?"

"நாப்பது வருஷம் ஆச்சு. இன்னும் உறுத்திக்கிட்டே இருக்குன்னு சொல்றாங்க."

"உறுத்தத்தான் செய்யும். ஏன் சார் இவ்வளவு நாள் சும்மா விட்டீங்க?"

"நாங்க எங்க விட்டோம். உங்க வாரியம்தான் வெளியே விட மாட்டேங்குது."

எழுத்தர் ஊசியைக் கீழே வைத்தார். அவருடைய பணிக்காலத்தில் வாரியத்தின் மேல் எத்தனையோ புகார்கள் வந்திருக்கின்றன. இப்படி ஒன்று வந்ததில்லை. அனுதாபத்தோடு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, 'நாற்பதாண்டு மூலம் – வெளியிடல் – தொடர்பாக' என்று கோப்பின் மேல் எழுதி, வாரியத்தின் மருத்துவ ஆலோசகருக்கு அனுப்பிவைத்தார்.

மருத்துவ ஆலோசகர் கடமை தவறாதவர். பதவியேற்ற நாளிலிருந்து அவருக்கு வந்த முதல் கோப்பு அது. மூன்றே வாரத்தில் குறிப்பு எழுதிவிட்டார்: 'மேற்படி மூலம் நாட்பட்டது எனத் தெரியவருகிறது. மருத்துவச் சான்று பெறாமல் அதில் வெட்டுதல், ஒட்டுதல் முதலிய எதையும் மேற்கொள்ளலாகாது. காரம் குறைக்கப்பட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அமர்தல் தவிர்க்கப்பட வேண்டும்.'

மெக்கானிக் பதறிப்போய்க் கண்காணிப்பாளரிடம் ஓடினார்.

"சார், அந்த மூலம் வேற, இந்த மூலம் வேற."

கண்காணிப்பாளர் ஒன்றும் புரியாதவர் அல்ல. உடனே புரிந்துகொண்டார். "கரெக்ட்தான் சார். ஆனா குறிப்பு கோப்புல ஏறிடுச்சே. ஏறினது ஏறினதுதான். இறக்க முடியாது."

ஏறியதை இறக்குவதையே பிழைப்பாகக் கொண்ட மெக்கானிக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

"அத விடுங்க" என்றார் கண்காணிப்பாளர். "வெளியே விடணும்னா மூலத்துக்கு மூலப்பத்திரம் வேணும்."

தேடினார்கள். இரண்டு மாதம் கழித்து, கம்பெனியை வாரியம் எடுத்துக்கொண்டபோது எழுதிய பட்டியல் கிடைத்தது. 'மேசை 14, நாற்காலி 31, மூலம் 1' என்று அதில் தெளிவாக இருந்தது. ஆக, சட்டத்தின் பார்வையில் அது தட்டுமுட்டுச் சாமான். தட்டுமுட்டுச் சாமான் பழுதடைந்திருந்தால் ஒழிய வெளியே விட விதி இல்லை.

"பழுதுதான் சார்" என்றார் மெக்கானிக் ஆனந்தமாக. "அதுல ஒரு தப்பு இருக்கு. எங்க அக்காவே விட்டது."

"அப்படியா? பழுதுன்னு அவங்க கைப்பட எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம், பொழுதுபோக்குக்காகன்னு விண்ணப்பத்துல போட்டிருக்கீங்க. உங்களுக்குப் பொழுது போகுதுன்னு மேலதிகாரி சான்று தரணும்."

பழுதென்று அக்கா அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். பொழுது போகிறது என்ற சான்றை லிப்ட் கம்பெனி மேலாளர் மனப்பூர்வமாகத் தந்தார். 'இவருக்கு வேலை நேரத்திலும் நன்றாகப் பொழுது போகிறது' என்று ஒரு வரி கூடவே சேர்த்துக் கொடுத்தார்.

இதற்குப் பிறகும் கோப்பு படுத்தேதான் கிடந்திருக்கும். நல்ல வேளையாக அந்த வருஷம் பாரம்பரியம் என்பது நாகரிகமாகிவிட்டது. நல்ல சுவரில் விரிசல் வரைந்துகொண்டார்கள். புது நாற்காலிக்குக் காலை ஒடித்து ஒட்டிக்கொண்டார்கள். வாரியத்துக்குப் புதிதாக வந்த தலைவருக்கு ரிப்பன் வெட்ட ஏதாவது பழசாகத் தேவைப்பட்டது. இருந்ததிலேயே பழசு இந்தக் கோப்பு.

வெளியீட்டு விழாவில் ஒரு கம்ப்யூட்டர் திரையைச் சுற்றி ரிப்பன் கட்டித் தலைவர் அதை வெட்டினார். மவுஸ் வயரும் சேர்ந்து வெட்டுப்பட்டது. தலைவர் போட்டிருந்த சட்டையில் மூல நிரலின் ஒரு வரி அச்சாகியிருந்தது. பார்க்க அழகாக இருந்த வரியாகப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். அக்கா சமக்குறியை விட்ட வரி அதுதான்.

ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் மூல நிரலை இறக்கிக்கொண்டார்கள். சட்டைகளும் கோப்பைகளும் வந்தன. மருத்துவ ஆலோசகரின் குறிப்பு உள்ளிட்ட பதினேழு பக்க விதிகளுக்குக் கீழே 'முழுவதும் படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை நாற்பதாயிரம் பேரும் அமுக்கினார்கள். மெக்கானிக்கும் அமுக்கினார். ஆனால் குழுவின் ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். கேட்டால் கொடுக்கிற பொருளில் என்ன சுவாரசியம் என்று நினைத்தார்களோ என்னவோ.

விதிகளை உண்மையிலேயே படித்தது அக்கா மட்டும்தான். படித்தது மட்டுமல்ல, கடைப்பிடிக்கவும் செய்தாள். இரண்டு நாள் காரமில்லாமல் சாப்பிட்டாள். குழுவில் ஒருவர் பல் டாக்டர். அவர் அக்காவை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூலத்தில் கை வைக்கலாம் என்று சான்று எழுதிக் கொடுத்தார். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து கூடத்தில் நடந்துவிட்டு வந்து, மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது அந்த வரியைக் கண்டுபிடித்தாள். சமக்குறியைப் போட்டாள். அறுபத்து நாலு பெயர் கொண்ட பட்டியலை ஓட்டிப் பார்த்தாள். அறுபத்து நாலாவது பெயர் திரையில் வந்து நின்றது. அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். முறைப்படி எல்லோருக்கும் போய்ச் சேரட்டும் என்று அக்கா திருத்தத்தை வாரியத்துக்கு அனுப்பினாள். பத்தாம் நாள் பதில் வந்தது. மெக்கானிக் உரக்கப் படித்தார்.

"'மேற்படி பொருள் பழுதடைந்தது என்ற தாங்கள் கைப்பட எழுதித் தந்த சான்றின் பேரிலேயே வெளியிடப்பட்டது. பழுது நீக்கப்படுமாயின் அது பழுதடைந்த பொருள் ஆகாது. எனவே வெளியீடும் செல்லாது. நாற்பதாயிரம் பேரும் அதனைத் திருப்பி ஒப்படைக்க நேரும். பழுதைப் பழுதாகவே பேணுவோம் என்று அவர்கள் அனைவரும் பதினாறாம் பக்கத்தில் ஒப்புக்கொண்டுள்ளனர். மேலும், சம்பந்தப்பட்ட வரி சட்டையில் அச்சாகிவிட்டது.'"

"பதினாறாம் பக்கம் நான் பாத்தேன்" என்றாள் அக்கா. "எவனாவது ஒருத்தன் படிச்சுட்டு ஆட்சேபிப்பான், தூக்கிடுவாங்கன்னு நெனச்சேன். நாப்பதாயிரம் பேருல ஒருத்தன் கூடவா படிக்கல?"

மெக்கானிக் கடிதத்தை மடித்தார். விரித்தார். மறுபடியும் மடித்தார்.

"நீயும்தானே அமுக்கினே?"

"எல்லாரும் அமுக்கினாங்க. நானும் அமுக்கினேன்க்கா." அவர் குரல் உள்ளே போய்விட்டது. "இப்ப என்ன பண்றது?"

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். நாற்பது வருஷம் சட்டத்தை ஒரு புள்ளி மீறாதவள் அவள்.

"தப்பு சட்டப்படி உன்கிட்ட இருக்கு. சரியானது திருட்டுத்தனமா என்கிட்ட இருக்கு. வேணுமா, வேண்டாமா?"

மெக்கானிக் ஒரு தரம் வாசலைப் பார்த்துவிட்டு, கருவிப் பையின் ஜிப்பைத் திறந்தார்.