வெளிநடப்பு அண்ணையும் பனிச் சப்பாத்தும்

கூட்டத்திலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறுவதில் வெளிநடப்பு அண்ணையை வெல்ல, டொரொண்டோவில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே ஆளில்லை!

ஊரில் அவர் எதிர்க்கட்சி அரசியல்வாதி. ஒருநாள் சபையில் ஒரு சட்டத்தை எதிர்த்து எழுந்து நடந்தார். பின்னால் கட்சியே வரும் என்று நினைத்தார், ஒருவரும் அசையவில்லை. அந்த வாரமே வீட்டைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அடுத்த வாரம் அண்ணை டொரொண்டோவின் ஸ்காபரோவில்.

எங்கள் மூத்தோர் சங்கம் புதன்கிழமைகளில் கோயிலுக்குக் கீழேயுள்ள மண்டபத்தில் கூடும். நான் செயலாளர். தேநீருக்கு இஞ்சி போடலாம் என்று தீர்மானம் வந்தால் அண்ணை வெளிநடப்பு. போடவேண்டாம் என்று திருத்தம் வந்தால் அதற்கும் வெளிநடப்பு. எழுதி எழுதியே என் பேனா தேய்ந்தது.

ஆனால் கனடாவில் வெளிநடப்பு லேசுப்பட்ட காரியமா? ஊரில் என்றால் சால்வையை உதறித் தோளில் போட்டால் போதும். இங்கே குல்லா, கையுறை, ஜாக்கெட். இழுத்துப் பூட்டும் சிப் பாதியில் சிக்கும். பிறகு வாசலில் குவிந்து கிடக்கும் சப்பாத்துகளுக்குள் தன்னுடையதைத் தேடி, குனிந்து கயிறு கட்டவேண்டும். அதுவரை கோபம் ஆறாமல் இருக்கவேண்டும். ஒருமுறை அவர் இரண்டாவது சப்பாத்தை மாட்டுவதற்குள் தீர்மானத்தையே கைவிட்டுவிட்டோம். ஒற்றைச் சப்பாத்தோடு உள்ளே வந்து இரண்டு வடை சாப்பிட்டுவிட்டு, மற்றதையும் மாட்டிக்கொண்டு போனார். தொடங்கியதை முடிக்கவேண்டுமாம்.

அண்ணைக்குக் கார் ஓடத் தெரியாது. ஆகவே அவரிடம் கிழி கிழியென்று வாங்கிக் கட்டிக்கொண்ட சங்கத் தலைவரே கார்த் திறப்போடு பின்னால் ஓடி, ஐஸில் விழுந்துவிடாமல் காரில் ஏற்றுவார். அண்ணை வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டு போவார். தலைவர் ஹீட்டரைக் கூட்டிவிடுவார்.

போன மாசி மாதம் தலைவர் ஒரு பெரிய தீர்மானம் கொண்டுவந்தார். சங்கத்தைத் தூரத்து மார்க்கம் நகருக்கு மாற்றவேண்டும். அங்கே புது மண்டபம், பெரிய கார் தரிப்பிடம். நிர்வாகக் குழுவில் என்னைத் தவிர எல்லோரும் ஏற்கெனவே அங்கே வீடு வாங்கிப் போய்விட்டார்கள். ஆனால் காரில்லாத கிழடுகளுக்கு இனிப் புதன்கிழமை என்ற ஒன்றே இருக்காது. பாதிப்பேராவது மண்டபத்தில் இருந்தால்தான் வாக்கெடுப்பு செல்லும் என்பது சங்க விதி.

அண்ணை எழுந்தார்.

"கௌரவ சபாநாயகர் அவர்களே, பஸ்ஸில வாற சனத்தை விட்டிட்டுப் போற சங்கத்தில எனக்கு வேலையில்லை. வெளிநடப்புச் செய்யிறன்."

குல்லா. கையுறை. சிப் சிக்கியது. யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய்க் குனிந்தார்.

தலைக்கு மேலே, பஸ்ஸில் வரும் சரசு அன்ரியின் குரல். "கொஞ்சம் தள்ளுங்கோ அண்ணை. உது என்ரை சப்பாத்து."

அன்ரிக்குப் பின்னால் சுவரைப் பிடிப்பவர், ஒற்றைக் காலில் நிற்பவர், ஆள்மாறிச் சப்பாத்து மாட்டியவர் என்று மண்டபமே திரண்டு வந்திருந்தது! நானும் குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு ஓடினேன். என் ஆயுளில் இவ்வளவு உற்சாகமாக நான் சப்பாத்துத் தேடியதில்லை. உள்ளே மிஞ்சியது ஒலிவாங்கியும் தலைவரும் மிச்ச நிர்வாகக் குழுவும்தான். தீர்மானம் அன்றோடு சரி.

வெளியே பனியில் அண்ணை திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தார். "ஊரில எனக்குப் பின்னால ஒருத்தரும் வரேல்லை," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குளிர்காற்று என்று சமாளித்தார்.

வழக்கம்போலத் தலைவர் திறப்போடு ஓடிவந்தார். "ஏறுங்கோ அண்ணை."

"இண்டைக்கு வேண்டாம் தம்பி. நான் சனத்தோட பஸ்ஸில போறன்."

பஸ் தரிப்பில் எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றோம். என் கார் கோயில் வாசலிலேயே நின்றது. அப்படி ஒரு மனிதருக்குப் பின்னால் நடக்கக் கிடைத்த நாளில் எவன் கார் எடுப்பான்?