தம்புசாமி வீட்டுக் கம்ப்யூட்டர்

"அப்பா, நம்ம வீட்டுல கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

கையில் அரசாங்கக் கடிதத்தோடு நின்ற மகள் ஷாந்தினி கேட்டதும் தம்புசாமி சட்டைப் பொத்தானைத் திருகினார். பாயா ரும்புட்டில் அவர்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பில் வீடுகளுக்கு வேகமான இன்டர்நெட் லைன் கொடுக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. போன மாதம் வீட்டுக்கு வீடு பாரம் வந்தது. நிரப்பிக் கொடுத்தவர் தம்புசாமிதான். எழுதியதெல்லாம் சரியா என்று பார்க்க வியாழக்கிழமை அதிகாரி வருகிறாராம்.

"கம்ப்யூட்டர்னு போட்ட இடத்துல 'அடா'ன்னு எழுதியிருக்கீங்க. ஏம்ப்பா?"

"பழக்கம்மா."

அது மட்டும் உண்மை. பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிய காலத்தில், சர்க்கார் ஆள் பாரத்தோடு வருவதற்கு முந்தின நாளே தோட்டத்துக் கணக்கரான கிராணி, தொழிலாளர் லயத்துக்கு வந்து சொல்லிவிடுவார். எதைக் கேட்டாலும் மலாயில் 'அடா', இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீரா? இருக்கிறது. மருந்தா? இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாலா? அதுவும் இருக்கிறது. 'தியாடா', இல்லை என்று வாய் தவறிச் சொன்னவனுக்கு மறுநாள் மேட்டுக்காட்டில் வேலை. தோட்டத்தை விட்டு வந்து இருபது வருஷமாகியும், அரசாங்கப் பாரத்தைக் கண்டால் அவர் பேனா தானாக 'அடா' பக்கம் போய்விடும்.

"ஆபீசுக்குப் போய்த் தப்பா எழுதிட்டேன்னு சொல்லுங்கப்பா. லைன் வந்தா பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு எப்படியாவது வாங்கிக்கலாம், நான் டவுனுக்கு பஸ் ஏற வேணாம்."

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் படிக்கும் பெண். ஒரு மணி நேர இன்டர்நெட்டுக்காக வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு நானே பொய்யின்னு போய் நிக்கவா? மானம் போயிரும். லைனும் கிடைக்காது," என்றார்.

மானத்தைக் காப்பாற்றும் வேலை புதன்கிழமை தொடங்கியது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் அவர் காவல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஸ்டோர் வசந்தனைக் கெஞ்சி ஒரு பழைய மானிட்டரை இரவல் வாங்கினார். அதன் மண்டை கருகியிருந்தது. கூடவே பாதி எழுத்து உதிர்ந்த ஒரு கீபோர்டு.

"இதுக்குக் கீழ ஒரு பொட்டி இருக்கணுமே?" என்றாள் மனைவி ஜானகி. வீடியோ டெக்கைத் தூக்கி வைத்தார்கள். டெக் என்று தெரியாமலிருக்க லேஸ் துணி போட்டு மூடினார்கள். புதுச் சாமான் ஆயிற்றே என்று ஜானகி அதற்கு மஞ்சள், குங்குமம் வைத்துப் பூவும் சாத்தினாள். ஷாந்தினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அதிகாரியான ஒரு மலாய்க்கார அம்மா கோப்போடு வந்தார். கூடவே லைன் இழுக்கும் ரெஜினால்ட் என்ற தமிழ் இளைஞன். அந்த அம்மா பூச்சூடிய கம்ப்யூட்டரைச் சற்று நேரம் பார்த்தார். போட்டுக் காட்டச் சொன்னார்.

"கரண்ட் இல்ல," என்றார் தம்புசாமி.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜானகி ஓடிப்போய் அதை நிறுத்தினாள். இப்போது அடுக்களை ரேடியோ பாடுவது துல்லியமாகக் கேட்டது.

"அது பேட்டரி," என்றாள் ஜானகி, யாரும் கேட்காமலே.

ரெஜினால்ட் அருகில் வந்து தணிந்த குரலில் பேசினான். "அங்கிள், இல்லன்னா இல்லன்னு சொல்லுங்கலா. பரவாயில்ல."

இப்படி நைசாகக் கேட்கிறவன்தான் மாட்டிவிடுவான். தோட்டத்தில் அவர் பார்க்காததா?

"இருக்குப்பா! நேத்துக்கூட நல்லா ஓடிச்சு. என் மகளைக் கேளு."

எல்லோரும் ஷாந்தினியைப் பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஆமா. நான்தான் யூஸ் பண்ணேன்."

கிராணி தன் வாயில் திணித்த பொய்யை இன்று தான் பெற்ற மகளின் வாயில் திணித்துவிட்டோமே என்று தம்புசாமிக்கு வெட்கமாக இருந்தது. ஒரு லைனுக்காக இவ்வளவா? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா, படிக்கிற பெண் சொன்னால் சரிதான் என்று கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டிவிட்டார்.

"அப்ப லைன் எப்பப்பா வரும்?" என்று ரெஜினால்டிடம் கேட்டார்.

ரெஜினால்ட் வெளியே நின்ற வேனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்குத்தான் அங்கிள் லைன், கம்ப்யூட்டரோட சேத்து சும்மாவே குடுக்கிறோம், காலையில இருந்து பத்து கம்ப்யூட்டரை வேன்ல வச்சிக்கிட்டு சுத்துறோம், இந்தத் தாமான்ல ஒரு வீட்டுலகூட இல்லன்னு சொல்ல மாட்டேங்கிறாங்களே!"